கட்டிலில் சாயுமுன்: முதியோர் பராமரிப்பும் நம் முன்னோர் வகுத்த ஏற்பாடும்



ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு (கி.பி. 624) ரமளானில் முஸ்லிம்கள் பத்ரை நோக்கிப் புறப்பட்ட வேளையில், நபி (ஸல்) அவர்களின் அருமை மகளார் ருகையா (ரலி) கடும் நோயில் படுத்திருந்தார்கள். அவர்களுடைய கணவர் உஸ்மான் (ரலி) அவர்களை மதீனாவிலேயே தங்கி மனைவியைக் கவனிக்குமாறு நபியவர்கள் பணித்தார்கள். வெற்றிச் செய்தி மதீனாவை எட்டியபோது ருகையா (ரலி) இறையடி சேர்ந்திருந்தார்கள். போர்க்களத்தை மிதிக்காத உஸ்மான் (ரலி) அவர்களுக்கும், பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய பங்கும் நற்கூலியும் உண்டென நபியவர்கள் அறிவித்தார்கள்.

நோயாளியின் அருகிருப்பதற்கு இஸ்லாம் அளித்த மதிப்பை உணர்த்த இந்நிகழ்ச்சியை நாம் எடுத்துரைப்பது வழக்கம். அதிலே இன்னொரு பாடமும் உண்டு. படை புறப்படும்போதே, வீட்டில் நோயாளியுடன் இருப்பவர் யார் என்பது முடிவு செய்யப்பட்டுவிட்டது. செல்பவர் சென்ற பின் யாரேனும் பார்த்துக்கொள்வார்கள் என்று விடப்படவில்லை.

பிற்கால முஸ்லிம் ஆட்சியாளர்கள் சிலர் இவ்வுணர்வை நிறுவனமாகவே வளர்த்தனர். கி.பி. 705 முதல் 715 வரை ஆண்ட உமையா கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக், நடக்கவியலாத ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளையும், பார்வையற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியையும் அமர்த்தினார் என வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்துள்ளார். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையின் வக்ஃபு ஏற்பாட்டில், மருத்துவமனைக்கு வர இயலாமல் வீட்டிலேயே கிடக்கும் ஏழை நோயாளருக்கு மருந்தும் உணவும் அனுப்புவதற்கும் இடம் இருந்தது. தேவை எழுந்தபின் கையேந்தி நில்லாமல், தேவை எழுமுன்பே நிதியும் ஆளும் ஒதுக்கி வைத்த முன்யோசனை இது.

நம் தாமிரபரணிக் கரையில் இவ்வேற்பாடு வேறொரு வடிவத்தில் இருந்தது. ஆறு கடலோடு கலக்கும் புன்னைக்காயலுக்குத் தெற்கே காயல்பட்டினம் உள்ளது. 1986இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும்வரை அதுவும் திருநெல்வேலிச் சீமையின் ஊரே. அரபு வணிகத்தில் தழைத்த அப்பகுதியின் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்தவர்கள். அங்கே மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதும் மரபு. பிற ஊர்களில் ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்பது ஏளனச் சொல். காயலில் அதுவே ஊர் வழமை. கணவன் கொழும்பிலோ வேறு துறைமுகத்திலோ இருந்தாலும், மனைவி தன் உம்மாவின் அருகில் இருந்தாள். உம்மா படுக்கையில் விழும் நாளில் மகள் எங்கிருந்தோ ஓடிவர வேண்டியதில்லை. உம்மாவின் முதுமைக்கான ஏற்பாடு, மகளின் திருமணத்தன்றே அமைந்துவிட்டது என்று சொல்லலாம்.

ஆற்றின் மேற்பகுதி ஊர்களில் தொழிலே இதற்குத் துணைநின்றது. மேலப்பாளையத்தின் தறி, பத்தமடையின் கோரைப் பாய், பின்னாளில் பல ஊர்களில் பரவிய பீடிச்சுற்று ஆகிய அனைத்தும் வீட்டுக்குள் நடந்த வேலைகள். வருவாய் மிகக் குறைவு; உழைத்த பெண்களின் முதுகும் நெஞ்சும் அதற்கு விலை கொடுத்தன. எனினும் முதியவர் தண்ணீர் கேட்டால் கொடுக்க வீட்டில் ஓர் ஆள் எப்போதும் இருந்தது.

அந்தக் காலத்தை மிகையாகப் புகழ வேண்டியதில்லை. சுமை முழுவதும் ஒரு மகளின் அல்லது மருமகளின் தலைமேல் விழுந்தது. அவளிடம் யாரும் கேட்கவில்லை. விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. இன்று அது 70ஐ ஒட்டியுள்ளது. தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல். அன்று சில வாரங்கள் நீடித்த படுக்கை, இன்று பக்கவாதத்தாலும் மறதி நோயாலும் பல ஆண்டுகள் நீள்கிறது. பிள்ளைகளோ சென்னையிலும் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றனர். பழைய ஏற்பாடு கலைந்துவிட்டது. அதன் இடத்தில் புதியதொன்றை நாம் இன்னும் வைக்கவில்லை.

பெற்றோர் முதுமை அடையும்போது அவர்களிடம் ‘சீ’ என்றும் சொல்லக் கூடாதெனத் திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் 23ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அவ்வசனம் அவர்கள் நம்மிடத்தில் முதுமை எய்துவதைப் பற்றிப் பேசுவதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். களைத்து, உறக்கம் இழந்து, மாற்று ஆளின்றித் தவிப்பவரின் வாயிலிருந்துதான் அந்தச் சொல் தவறி விழுகிறது. உதவிக்கு ஓர் ஆளை முன்கூட்டியே அமர்த்துவது கடமையைத் தட்டிக்கழிப்பதாகாது. கடமையை முகம் சுளிக்காமல் நிறைவேற்ற அது வழி.

முன்கூட்டியே என்பதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, பெற்றவர் நினைவோடும் சொல்லோடும் இருக்கும்போதுதான் அவருடைய விருப்பத்தைக் கேட்க முடியும். இரண்டாவது, வெட்கம். வாழ்நாளெல்லாம் அவ்ரத்தைப் பேணிய வாப்பாவை அறியாத ஒருவர் திடீரென வந்து குளிப்பாட்டினால் அவர் மனம் உடைந்துபோகும். வாப்பாவுக்கு ஆண் உதவியாளர், உம்மாவுக்குப் பெண் உதவியாளர் என்று பார்த்து, வாரத்தில் ஓரிரு நாள் சிறு வேலைகளுக்கு வரச்செய்து பழக்கிவிட்டால், பெரிய தேவை வரும் நாளில் அவர் அந்நியராக இரார். மூன்றாவது, இபாதத். ஒளூவுக்கு உதவுவது, இயலாதபோது தயம்மும் செய்விப்பது, கட்டிலைக் கிப்லாவுக்கு ஏற்பத் திருப்புவது ஆகியவற்றை உதவியாளருக்கு நிதானமாகக் கற்றுத்தர அவகாசம் வேண்டும். கழிவறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின், மருத்துவமனை வராந்தாவில் நின்று கைப்பேசியில் ஆள் தேடும்போது இவற்றில் எதையும் பார்க்க முடியாது.

உதவி இல்லாமலும் இல்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியும் நோய்த் தணிப்புச் சேவையும் இல்லம் தேடி வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம். மலைக்கு அப்பால் கேரளத்தின் மலப்புறத்தில் 2001 வாக்கில் தொடங்கிய அண்டைவீட்டார் கூட்டமைப்பு, பயிற்சி பெற்ற தன்னார்வலர்களையும் ஊராரின் சிறு நன்கொடைகளையும் கொண்டே படுக்கை நோயாளிகளைக் கவனித்து உலகின் கவனத்தை ஈர்த்தது. நம் ஜமாஅத்துகளுக்கு இது எட்டாத காரியமன்று. பைத்துல்மாலும் இளைஞர்களும் நம்மிடமும் உண்டு.

சொத்து விஷயத்திலும் தெளிவு தேவை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் சொத்தைக் கொடுத்தவர், அந்நிபந்தனை மீறப்பட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை நாடலாம். நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டிருப்பது நலம். ஹிபா செய்ய எண்ணுவோர் மார்க்க அறிஞரையும் வழக்கறிஞரையும் கலந்துகொள்ளட்டும்.

வரும் பெருநாளில் வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊர் வரும்போது ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்குவோம். செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு, இரவில் யார், உடனிருக்கும் மகளுக்கோ மருமகளுக்கோ ஓய்வு நாள் எது என்பவற்றைப் பெற்றோர் முன்னிலையில் பேசி எழுதி வைப்போம். பணம் அனுப்புகிறவரின் கடமை பணத்தோடு முடிவதில்லை. அருகிலிருந்து தூக்கி உட்கார வைக்கும் கைகளுக்கு நன்றி சொல்வதும் அதில் அடங்கும்.

நம் பெற்றோருக்குக் கண்ணியமான முதுமையையும், அவர்களுக்குப் பணிவிடை செய்யும் பேற்றை நமக்கும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக. ஆமீன்.