சுவரில் இடம்பெற்றவர்களும் தகர வில்லை சுமந்தவர்களும்

இராமநாதபுரம் அரண்மனை வளாகத்தில் உள்ள இராமலிங்க விலாசத்திற்குள் நுழைவோரை முதலில் நிறுத்துபவை அதன் சுவரோவியங்களே. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீட்டப்பெற்றவை. முத்து விஜயரகுநாத சேதுபதிக்கு இராஜராஜேஸ்வரி அம்மனே செங்கோல் வழங்குகிறாள். சேதுபதியின் படை தஞ்சை மராட்டியருடன் பொருதுகிறது. ஐரோப்பியர் வந்து அரசரைக் காண்கின்றனர். இன்று தொல்லியல் துறையின் பொறுப்பில் அருங்காட்சியகமாக விளங்கும் இம்மாளிகை, சேதுபதிகள் தம்மை எவ்வாறு நினைவுகொள்ள விரும்பினரோ அவ்வாறே நம்மையும் நினைக்கச் செய்கிறது.

அவர்களுக்குப் பின்னர் நேர்ந்த வீழ்ச்சிக்கு அந்தச் சுவரில் இடமில்லை. 1795இல் முத்துராமலிங்க சேதுபதியைக் கும்பினியார் சிறைப்படுத்தினர். 1809இல் சென்னையில் சிறையிருப்பிலேயே அவர் மறைந்தார். அவ்வரலாற்றின் பெரும்பகுதி நம்மை வந்தடைந்தது, சிறைப்படுத்தியவர்கள் தம் நிருவாகத்திற்காக எழுதிவைத்த ஆவணங்களின் வழியேதான். அவற்றைச் சென்னை ஆவணக் காப்பகத்தில் பொறுமையாகத் தேடிப் படித்த எஸ்.எம். கமால் ‘விடுதலைப் போரில் சேதுபதி மன்னர்’ என்னும் நூலைத் தந்தார். ஆயினும் 1798இல் இதே மாளிகையில் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்த கட்டபொம்மனைத்தான் நம் மாணவர் அறிவர். 1959இல் வந்த ஒரு திரைப்படத்தின் வலிமை அது!

அரசருக்குப் பகைவரின் கடிதமேனும் எஞ்சியது. இக்கடற்கரை வழியே இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு? இலங்கை அரசு நடத்திய மண்டபம் முகாமில் அவர்களைத் தங்கவைத்து, நோய்ச் சோதனை செய்து, தனுஷ்கோடியில் கப்பலேற்றினர். கங்காணியோடு சென்றவர்க்கு அடையாளம் ஒரு தகர வில்லை. அதில் பொறித்திருந்தது தோட்டத்தின் குறியீடும் எண்ணும், ஆளின் பெயரன்று. 1964இல் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்குரியவர் என்று பிரித்தது. திரும்பி வந்த குடும்பங்கள் பலவற்றிற்கும் முதல் தங்குமிடம் அதே மண்டபம். 1983க்குப் பின் ஈழ அகதிகளும் அங்கேயே வந்து சேர்ந்தனர்.

அக்கரையில், கம்பளைக்கு அருகே, பழைய லயம் ஒன்றையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007இல் ஆக்கினார்கள். மண்டபத்தில் மனிதர் இன்னும் வாழ்கின்றனர். குடியிருப்பைக் காட்சிக்கூடமாக்க முடியாதுதான். ஆனால் தாயகம் திரும்பியோரின் கடவுச்சீட்டுகளும் குடும்ப அட்டைகளும் கூடலூரிலும் கோத்தகிரியிலும் தகரப் பெட்டிகளுக்குள் கிடக்கின்றன. குடும்பத்தோடு கப்பலில் வந்தபோது இளைஞராயிருந்தவர்கள் இப்போது எழுபதைக் கடந்துவிட்டனர். அத்தாள்களைப் படியெடுத்து வைக்க இராமநாதபுரத்தின் நூலகம் ஒன்றில் ஓர் அலமாரி ஒதுக்கினாலே போதும். அவர்கள் இருக்கும்போதே தொடங்க வேண்டும்.