களுத்துறைச் சுகாதாரப் பிரிவும் ஒத்துணர்வும்

பொதுச்சேவையொன்றின் வெற்றியை அதற்குச் செலவிடப்பட்ட பணத்தாலும் எழுப்பப்பட்ட கட்டடங்களாலும் அளவிடுதல் ஆட்சியாளர் வழக்கம். அச்சேவையை நாடுவோரின் நிலையில் நின்று அது வகுக்கப்பட்டதா என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. இலங்கையின் சுகாதார வரலாறு இவ்வினாவின் இன்றியமையாமையைத் தெளிவுறக் காட்டும்.

1916 ஆம் ஆண்டில் றொக்பெல்லர் மன்றத்தின் உதவியுடன் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இலங்கைத் தோட்டங்களில் தொடங்கப்பெற்றது. மருந்தூட்டிப் புழுவை வெளியேற்றுவதே அதன் முதன்மைப் பணி. ஆயின், மலசலகூட வசதி போதியளவு இன்மையால், மருந்துண்ட தொழிலாளி அதே மண்ணில் வெறுங்காலுடன் நடந்து மீண்டும் அந்நோய்க்கு ஆளானான். லயத்து வாழ்க்கையின் இயல்பு அத்திட்டத்தில் உரிய இடம் பெறவில்லை எனலாம்.

1926 இல் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவு வேறொரு நெறியை மேற்கொண்டது. ஒரு பிரதேச மக்களின் நோய்த்தடுப்பும் தாய் சேய் நலமும் சூழற் சுகாதாரமும் ஒரே சுகாதார வைத்திய அதிகாரியின் பொறுப்பாயின. பரிசோதகர், தாதியர், மருத்துவமாதர் ஆகியோர் அவரின்கீழ்ப் பணியாற்றினர். இவர்களுள் மருத்துவமாதரின் பணி ஈண்டுச் சிறப்பாக நோக்கற்பாலது. கருவுற்ற ஏழைப் பெண்ணொருத்திக்கு நெடுந்தூரம் நடத்தல் அரிது. ஏனைய பிள்ளைகளை விட்டுச் செல்லுதலும் அரிது. அறியாதார்முன் தன் உடல்நிலையைக் கூறக் கூச்சமும் உண்டு. மருத்துவமாது வீடுதேடிச் சென்றமையால் இத்தடைகள் பெரிதும் குறைந்தன. இம்முறை பின்னர் நாட்டின் ஏனைய பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

1930களின் நடுப்பகுதியில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கு மேற்பட்டிருந்த தாய்மார் இறப்பு, 1950 அளவில் 600க்கும் குறைந்தது. மலேரியாக் கட்டுப்பாடு, வைத்தியசாலைகளின் பெருக்கம், கல்வி வளர்ச்சி ஆகியனவும் இதற்குக் காரணங்களாம். எனினும், இவ்வசதிகளுக்கும் வீட்டிற்கும் இடையே பாலமாக நின்றவர் மருத்துவமாதர் என்பதை மறுத்தல் இயலாது.

இவ்வொத்துணர்வு அனைவரையும் ஒருங்கே அணைத்துக்கொண்டதா? தோட்ட மக்களின் மருத்துவம் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்திடமே விடப்பட்டிருந்தது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களை அடுத்தே அரசு அப்பொறுப்பைப் படிப்படியாக ஏற்கலாயிற்று. 1916 இல் புழு ஒழிப்புக்கு முதலில் தெரிவுசெய்யப்பட்ட அம்மக்களே, வீடுதேடி வந்த சேவையைக் காலந்தாழ்த்திப் பெற்றனர். தன் குடிகளாக எண்ணப்படுவோரிடத்து மட்டும் காட்டப்படும் பரிவு சேவையின் எல்லையையும் சுருக்கிவிடும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.