கல்லூரி வாயிலில் ஒரு கட்டுரை

கல்விச்சாலையின் கதவு யாருக்குத் திறந்தது, யாருக்கு அடைபட்டது என்று கேளாமல் எந்நாட்டுக் கல்வி வரலாற்றையும் எழுத இயலாது. அமெரிக்கக் கல்லூரிகளில் சேர விரும்பும் மாணவர் பலர், மதிப்பெண்களோடு தம்மைப் பற்றிய கட்டுரை ஒன்றையும் எழுதி அனுப்புகின்றனர். தம் ஊரிலும் தெருவிலும் ஆற்றிய தொண்டினைப் பொருளாகக் கொள்வோர் அவருள் மிகுதி. அனுப்புமுன் அதனைப் பிறரிடம் காட்டிக் கருத்துக் கேட்பதும் அங்கு வழக்கமாயிற்று. சிறு செய்தியாகத் தோன்றும் இதன் பின்னே ஒரு நூற்றாண்டு வரலாறு நிற்கின்றது. அவ்வரலாறு நமக்கு அயலானதன்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டின் பெயர்பெற்ற கல்லூரிகள் பெரும்பாலும் தேர்வில் வென்றோரையே சேர்த்துக்கொண்டன. குடியேறி வந்த யூத மக்களின் பிள்ளைகள் அத்தேர்வுகளில் பெருந்தொகையினராக வென்றனர். அதுவே சிலருக்கு உறுத்தலாயிற்று. 1919-இல் கொலம்பியாவின் இளங்கலைக் கல்லூரி, சமயத்தையும் குடும்பப் பின்னணியையும் வினவி, ஒளிப்படமும் கேட்கும் புதிய விண்ணப்பத்தைப் புகுத்தியது. 1922-இல் ஹார்வர்டின் தலைவர் லோவெல், யூதர் தொகையை 15 விழுக்காட்டிற்குள் நிறுத்த விரும்பினார். ஆசிரியர் குழு 1923-இல் அதனை ஏற்க மறுத்தது. ஆனால் நேர்வழியில் கிட்டாதது சுற்றுவழியில் வந்தது. விண்ணப்பதாரர் பெயரோ தந்தை பெயரோ பிறந்தபின் மாற்றப்பட்டதுண்டா என்று ஹார்வர்டு விண்ணப்பம் கேட்கத் தொடங்கியது. பெயரைக் கேட்டுப் பிறப்பை அறியும் உபாயத்தை நம் மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

மதிப்பெண்ணை மறுக்க இயலாதபோது, ‘குணநலன்’ என்னும் அளவுகோல் முன்வைக்கப்பட்டது. பரிந்துரைக் கடிதம், நேர்முகம், தன்னைப் பற்றிய கட்டுரை ஆகியவை இச்சூழலில்தான் வேரூன்றின. ஆகவே இன்று மாணவரின் உள்ளத்தை அறியும் கருவியாகப் போற்றப்படும் கட்டுரை, ஒரு காலத்தில் வேண்டாதவரை வடிகட்டும் சல்லடைகளுள் ஒன்றாக இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

காலம் மாறிற்று. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தால் 1964-இல் குடிசார் உரிமைகள் சட்டம் நிறைவேறியது. 1975-இல் 15 கல்லூரிகள் கூடிப் பொது விண்ணப்ப முறையைத் தொடங்கின. இன்று அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உள்ளன. அதற்கான கட்டுரை 250 சொற்களுக்குக் குறையாமலும் 650 சொற்களுக்கு மிகாமலும் அமைதல் வேண்டும். 1990-களில் மேரிலாந்து மாநிலம் பள்ளிப்படிப்பை முடிக்க 75 மணி நேரத் தொண்டினைக் கட்டாயமாக்கியது. தொண்டு இவ்வாறு கல்விக் கணக்கில் ஏறியது. பின்னர், 2023 ஜூன் 29 அன்று, சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்ளும் முறையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கியது. எனினும் இனத்தால் தன் வாழ்வு எவ்வாறு அமைந்தது என்பதை மாணவர் தம் கட்டுரையில் எழுதத் தடையில்லை என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. அடைக்க வந்த கதவே, இன்று பேசுவதற்கு எஞ்சிய சாளரமாயிற்று.

எனவேதான் அக்கட்டுரையைப் படித்துக் கருத்துரைப்பவர் பொறுப்பு பெரிது. ஒரு மாணவி தன் தெருக் குழந்தைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தந்ததை எழுதுகிறாள் என்று கொள்வோம். ‘ஏழைகளுக்கு உதவியதில் மகிழ்ந்தேன்’ என்று அவள் முடித்தால், நல்ல வாசகர் அதனை அழகுபடுத்த முனையார், வினவுவார். எத்தனை குழந்தைகள் வந்தனர்? எவர் வருவதை நிறுத்தினர்? ஏன்? நீயும் அத்தெருவில்தானே வாழ்கின்றாய், பின் ‘ஏழைகள்’ என்று யாரைச் சுட்டுகின்றாய்? இவ்வினாக்களுக்கு விடை எழுதும்போதுதான் கட்டுரை அவளுடையதாகின்றது. மாறாக, வாசகர் தம் சொற்களை இட்டு நிரப்பினால் பிழை குறையும், எழுதியவளும் மறைவாள். கட்டுரை தம் சொந்தப் படைப்பே என்று மாணவர் உறுதி அளிக்க வேண்டியிருப்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

எழுத்தைப் பிறர்முன் வைத்தல் இழுக்கன்று. அண்ணல் அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவியால் 1913-இல் கொலம்பியா சென்றார். 1916 மே 9 அன்று, பேராசிரியர் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில், இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றிய தம் ஆய்வுரையைப் படித்தார். அறிஞர் அவையில் வைக்கப்பட்ட அவ்வுரை மறு ஆண்டு அச்சேறியது. தாம் பட்டறிந்ததை அவர் இரக்கம் வேண்டிச் சொல்லவில்லை. ஆராய்ந்து, காரணம் காட்டி நிறுவினார். கேட்போர் இருந்தனர், சொல் அவருடையதாகவே இருந்தது.

வசதியுள்ளார் வீட்டுப் பிள்ளைக்கு வரைவைப் படிக்கத் தாய் தந்தையர் உண்டு. பொருள் கொடுத்தால் ஆலோசகரும் உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பிள்ளைக்கு யார் உண்டு? அமெரிக்காவில் 250 மாணவர்க்கு ஒரு பள்ளி ஆலோசகர் வேண்டும் என்பது அத்துறைச் சங்கத்தின் பரிந்துரை. நாட்டின் சராசரி அந்த அளவை எட்டவில்லை. குறை திறமையில் இல்லை. படித்துச் சொல்வோர் இன்மையில் உள்ளது.

நம் பிள்ளைகளும் இன்று அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் உதவித்தொகைகளுக்கும் இத்தகைய கட்டுரைகளை எழுதுகின்றனர். கட்டணம் கட்டுவதும் நூல் வழங்குவதும் போலவே, ஒரு பிள்ளையின் வரைவைப் பொறுமையுடன் படித்து, நல்ல வினாக்கள் கேட்டு, அவர் சொல்லை அவரிடமே திருப்பித் தருவதும் கல்வித் தொண்டேயாகும். முன்னே படித்தேறிய நாம் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு கட்டுரையையேனும் படித்துக் கொடுக்க முன்வருவோமாக!