குப்பான்: ஐரிஷ் மொழியின் ஒரு புழங்குசொல்

முன்னுரை

ஒரு மொழியின் வரலாறு காப்பியங்களிலும் அரசாணைகளிலும் மட்டுமன்றி, அடுக்களைச் சொற்களிலும் பதிந்துள்ளது. அயர்லாந்தின் ஐரிஷ் மொழியில் கோப்பையைக் குறிக்கும் 'குப்பான்' இதற்குத் தக்க சான்றாகும்.

கலமும் வழக்கும்

திருப்பலிக்குரிய கிண்ணத்தை ஐரிஷ் மொழியினர் 'கலீஷ்' என்பர். இஃது இலத்தீன் 'காலிக்ஸ்' என்பதன் வழிவந்தது. 1868ஆம் ஆண்டு லிமெரிக் மாவட்டத்து ஆர்டாவில் கிடைத்த 8ஆம் நூற்றாண்டு வெள்ளிக் கிண்ணம் அவ்வகையில் புகழ்பெற்றது. 'மெதர்' என்பது ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்த நாற்கோணக் கலம். விருந்தில் கைமாறிப் பலரும் பருகுதற்கு உரியது. 'குப்பான்' ஒருவர் கைக்கு அடங்கும் அன்றாடக் கலம். தேநீர்ப் பழக்கம் பரவியபின் 'குப்பான் தே' நாள்தோறும் வழங்கும் தொடராயிற்று. மெதரோ அருங்காட்சியகப் பொருளாயிற்று.

சொல்லமைப்பு

இச்சொல்லின் அடி இலத்தீன் 'குப்பா' குடும்பத்தைச் சார்ந்தது. 'ஆன்' என்னும் ஈறோ ஐரிஷ் மொழிக்கே உரிய சிறுமைப்பொருள் ஈறு. குன்றைக் குறிக்கும் 'க்நொக்' என்பது 'க்நொக்கான்' என நின்று சிறுகுன்றைக் குறித்தல் காண்க. 'என் கோப்பை' என்னுமிடத்து முதல் ககர வெடிப்பொலி உரசொலியாகத் தேய்கிறது. 'எங்கள் கோப்பை' என்னுமிடத்து ஒலிப்புடை ஒலியாகத் திரிகிறது. வந்த சொல் ஐரிஷ் புணர்ச்சி விதிக்கு முற்றும் கட்டுப்பட்டது என்பது இதனால் பெறப்படும்.

தமிழ் ஒப்புமை

தமிழ்க் 'கோப்பை' போர்த்துக்கீசியர் வழி வந்த சொல்; அதன் மூலமும் மேற்கூறிய இலத்தீன் குடும்பமே. 'குப்பான் தே' என்பதன் பின்பகுதியும் தமிழ்த் 'தேயிலை'யின் முற்பகுதியும் தென்சீனக் கடற்கரை வழக்கான 'தே' என்பதிலிருந்து கிளைத்தவை. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் கடல்வணிகத்தால் ஒரே சொற்களைப் பெற்றுத் தத்தம் இலக்கணத்தில் அடக்கிக்கொண்டன. வடசொல்லை அயலெழுத்து நீக்கி ஆள இடந்தந்த தொல்காப்பிய எச்சவியல் நெறி ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

முடிவுரை

அயலடி கொண்ட குப்பானால் ஐரிஷ் மொழி நலிந்திலது. 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் நாட்டை விட்டு அகன்றனர். அவருள் ஐரிஷ் பேசிய வறியோர் பெருந்தொகையினர். எஞ்சியோரும் கல்வி, பிழைப்பு ஆகியவற்றின் பொருட்டுத் தம் மக்களுக்கு ஆங்கிலத்தையே கற்பித்தனர். 1937ஆம் ஆண்டு அரசமைப்பு ஐரிஷை முதல் ஆட்சிமொழியாக்கிய பின்னும் அவ்விழப்பு ஈடுசெய்யப்படவில்லை. ஆகவே, ஒரு மொழியைத் தேய்ப்பது அது கொள்ளும் கடன்சொல் அன்று. அதனைப் பேசும் வாய்களின் இழப்பே என்பது இச்சொல் வரலாற்றால் தெளிவாகிறது.