பழைய கார் ஏசி: ஒரே ஒரு கேஜைப் பார்த்து ‘கேஸ் கம்மி’னு சொல்ல முடியுமா?

“கூலிங் வரலையா சார்? கேஸ் கம்மி. ஃபில் பண்ணிடலாம்!” பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு கோடையிலும் கேட்கும் வசனம் இது. காசு கொடுத்து ஏற்றிக்கொண்டு வந்தால், சில மாதங்களில் மறுபடியும் சூடான காற்றுதான்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வரும். பழைய ரப்பர் ஹோஸ், கம்ப்ரஸர் சீல் வழியாக வருஷக்கணக்கில் கொஞ்சம் கசிவது சகஜம். சில மாதங்களிலேயே காலியானால், எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். சரி, பிரஷரை எப்படிப் பார்க்கணும்?

முதலில், எந்த கேஸ்?

1990-களின் தொடக்கம் வரை கார் ஏசிகளில் இருந்தது ஆர்-12. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987-ல் உருவான மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அடுத்து வந்தது ஆர்-134ஏ. கேஸ் ஏற்றும் வாயில் திருகு மரை இருந்தால் பெரும்பாலும் ஆர்-12. ‘டக்’கென்று மாட்டும் கப்ளர் என்றால் ஆர்-134ஏ. இரண்டுக்கும் கம்ப்ரஸர் ஆயிலே வேறு. கலந்து ஏற்றவே கூடாது.

இன்ஜின் ஆஃப்ல பார்த்தால் போதுமா?

போதாது. வீட்டு கேஸ் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். பாதி இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரியும். எவ்வளவு மிச்சம் என்று தெரிய சிலிண்டரைத் தூக்கித்தான் பார்க்கணும். கார் ஏசியும் அப்படித்தான். 30 டிகிரி வெயிலில், நிறுத்தி வைத்த காரில் ஆர்-12 சுமார் 93 பிஎஸ்ஐ, ஆர்-134ஏ சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் இருந்தாலே இதே அளவுதான் வரும். இதைவிட ரொம்பக் குறைவாக இருந்தால் மட்டும், கேஸ் கிட்டத்தட்ட காலி என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஓடும்போது பார்ப்பது எப்படி?

நீல கேஜ் லோ சைடு, சிவப்பு கேஜ் ஹை சைடு. இரண்டும் தேவை. ஏசியை முழு கூலிங்கில் வைத்து, ப்ளோயரை முழு வேகத்தில் விட்டு, இன்ஜினை சுமார் 1,500 ஆர்பிஎம்-ல் சில நிமிடம் ஓட விடணும். 35 டிகிரி வெயிலில் ஆர்-134ஏ என்றால் லோ சைடு 25 முதல் 45, ஹை சைடு 200 முதல் 250 பிஎஸ்ஐ வரை இருக்கலாம். ஆர்-12-க்கு ஹை சைடு கொஞ்சம் குறையும். வெயில் ஏறினால் அளவும் ஏறும். உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே இறுதி.

கேஜ் என்ன சொல்கிறது?

▪ இரண்டும் குறைவு: கேஸ் குறைந்திருக்கலாம். லீக்கைத் தேடுங்கள்.

▪ இரண்டும் அதிகம்: கேஸ் அதிகமாக ஏற்றியிருக்கலாம், அல்லது கண்டென்ஸரில் அழுக்கு, ஃபேன் கோளாறு.

▪ லோ சைடு அதிகம், ஹை சைடு குறைவு: கம்ப்ரஸர் தேய்ந்திருக்கலாம்.

▪ லோ சைடு கிட்டத்தட்ட பூஜ்ஜியம்: எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு, அல்லது உள்ளே புகுந்த ஈரம் உறைந்திருக்கலாம்.

நான்கில் முதல் சிக்கலுக்கு மட்டும்தான் கேஸ் தேவை. அதுவும் லீக்கை அடைத்த பிறகு. மற்றவற்றில் கேஸ் ஏற்றினால் காசும் போகும், கம்ப்ரஸரும் கெடும்.

ஆபத்து எங்கே?

ஹை சைடில் கேஸ் கேனை இணைத்தால் கேன் வெடிக்கலாம். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், ஏனென்றால் தெறிக்கும் திரவம் பட்ட இடத்தை உறைய வைக்கும். பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது. ஆர்-12 நெருப்பில் பட்டால் விஷ வாயு உருவாகும். விலை மலிவு என்று எல்பிஜி ஏற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கசிந்தால் காருக்குள்ளேயே தீப்பிடிக்கும்.

அடுத்த முறை “கேஸ் ஃபில் பண்ணிடலாமா?” என்று கேட்டால், மூன்று கேள்வி கேளுங்கள். இரண்டு கேஜும் என்ன காட்டுச்சு? லீக் எங்கே? வேக்குவம் போட்டு, எடை பார்த்துத்தான் ஏத்துவீங்களா? இதற்குப் பதில் சொல்பவரிடம் காரை விடலாம்.