முதுமையும் வழியறிதிறனும்

வயது ஏற ஏற வழியறியும் திறன் குறைவதன் காரணம் மூளை ஆய்வின் வரலாற்றில் படிப்படியாகவே விளங்கியது. எலிகளின் மனத்தில் வரைபடம் போன்ற ஒன்று உருவாகிறது என 1948இல் எட்வர்டு டோல்மன் கூறினார். 1971இல் ஜான் ஓ'கீஃப் ஹிப்போகாம்பசில் இட உயிரணுக்களைக் கண்டறிந்தார். 2005இல் மோசர் இணையர் அதன் அருகே கட்ட உயிரணுக்களைக் கண்டனர். மூவரும் 2014இல் நோபல் பரிசு பெற்றனர். அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்குவதும் இப்பகுதிகளைத்தான்.

முதியோருக்குப் பழகிய வழி எளிது. புதிய இடத்தைக் கற்பதே கடினம். எனவே அவர்கள் அடையாளங்களையே பெரிதும் நம்புகின்றனர். கடலூர் மாவட்டம் காடாம்புலியூர், முந்திரியும் பலாவும் விளையும் பண்ருட்டி வட்டாரத்து ஊர். 2011 டிசம்பர் 30இல் வீசிய தானே புயல் இவ்வட்டாரத் தோப்புகளைச் சாய்த்தது. மரமே வழிக்குறியான ஊரில் இத்தகைய இழப்பு வருவாயோடு முடிவதில்லை. ஆனால் மாறாத பாதையிலும் முதியவர் தடுமாறினால், அதை வயதின் இயல்பென ஒதுக்காமல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.