சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

சனி பகவான் இரும்புக்கு அதிபதி என்று ஜோதிடம் கூறுவதால், சனிக்கிழமையில் இரும்பையும் எண்ணெயையும் விலைக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரலாகாது என்ற எண்ணம் தமிழ்நாட்டுப் பெரியோர் பலரிடம் இன்றும் உண்டு. ஆகவே, உத்தியோகஸ்தர்களுக்கு வாரக் கடைசியில் கிடைக்கும் இரண்டு ஓய்வு நாட்களுள், முதல் நாளை ஆயத்தங்களுக்கும் மறுநாளைப் புதுக் காரை வீட்டுக்கு அழைத்து வருவதற்குமாகப் பகிர்ந்துகொள்ளும் குடும்பங்கள் சென்னையில் பல. சனிக்கிழமை விடியற்காலையில் கோயம்பேட்டுக்குப் போய் மாலையும் உதிரிப் பூவும் எலுமிச்சம்பழமும் திருஷ்டிப் பூசணிக்காயும் வாங்குவது, அங்கிருந்து ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு வந்து சீட் கவருக்குச் சொல்லி வைப்பது, வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கும் பழைய சாமான்களை அப்புறப்படுத்துவது, ஞாயிறன்று பகல் 12 முதல் 1.30 வரை எமகண்டம், மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டி நேரத்தை ஒதுக்கிக்கொள்வது ஆகிய இவையெல்லாம் சரித்திரத்தில் இடம்பெறத் தக்க காரியங்களாகத் தோன்றமாட்டா. ஆயினும் இந்தச் சில்லறை வேலைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பூர்வோத்தரம் இருக்கிறது. அவற்றுட் சில மோட்டார் வண்டியைக் காட்டிலும் மிகப் பழமையானவை.

வேந்தனுடைய வாளுக்கு மங்கலம் செய்து அதைப் போற்றும் வழக்கத்தை வாள்மங்கலம் என்ற பெயரால் தொல்காப்பியம் புறத்திணையியலில் ஒரு துறையாகவே குறிக்கிறது. ஆயுதத்துக்குச் செய்த அந்த மரியாதை, நவராத்திரியின் ஒன்பதாம் நாளில் உழவனின் கலப்பைக்கும், தச்சனின் உளிக்கும், தட்டானின் உலைக்கும் உரியதாகி, பிற்காலத்தில் அச்சு இயந்திரத்துக்கும் ஆலைச் சக்கரத்துக்கும் பரவியது. ஜீவனத்துக்குத் துணை நிற்கும் கருவி எதுவாயினும் அது வணங்கத் தக்கதே என்ற கொள்கை ஏற்கெனவே வேரூன்றியிருந்த நாட்டில் மோட்டார் வண்டி வந்து சேர்ந்தபோது, அதற்கென்று தனியாக ஒரு சடங்கைக் கற்பிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. மாட்டு வண்டியின் நுகத்தடிக்கும் சக்கரத்துக்கும் இட்டுப் பழகிய மஞ்சளும் குங்குமமும் அப்படியே கார் முகப்புக்கு இடம் மாறின. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து அதன்மேல் வண்டியை ஏற்றி நசுக்குவதும், பூசணிக்காயின் நடுவே துளையிட்டுக் குங்குமம் நிரப்பிச் சுற்றி உடைப்பதும், பலி கொடுத்துப் பயணம் புறப்பட்ட காலத்தின் எச்சங்கள் என்று நான் கருதுகிறேன். உயிருக்குப் பதிலாகக் கனியையும் காயையும் ஏற்றுக்கொள்ளத் தெய்வத்தை இணங்கச் செய்த நம் முன்னோரின் கருணை போற்றத் தக்கது.

இனி, வண்டி வந்த வழியைப் பார்ப்போம். இன்று அண்ணா சாலை என்று வழங்கும் மவுண்ட் ரோடு, கார்க் கம்பெனிகளின் வீதியாவதற்கு முன்பே குதிரை வண்டிக் கம்பெனிகளின் வீதியாக இருந்தது. 1840-ஆம் ஆண்டில் தோன்றிய சிம்ப்சன் கம்பெனி, சேணமும் கோச்சு வண்டிகளும் செய்து பெயர் பெற்றது. அங்கே பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-இல் நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் சென்னையிலேயே உருவாக்கினார். வண்டிக்கூடு கட்டும் தச்சரும், பட்டை அடிக்கும் கொல்லரும், தோலுறை தைக்கும் தையற்காரரும் கூடியிருந்த பட்டறைகள் அக்காலத்தில் இருந்தபடியால், சீமையிலிருந்து எஞ்சினும் அடிச்சட்டமும் மட்டும் வந்தாலும், மேற்கூட்டை இங்கேயே கட்டிக் கொடுக்க முடிந்தது. மவுண்ட் ரோட்டிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் இன்று சீட் கவர் தைப்போரையும், புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்போரையும் காணும்போது, அந்தக் கோச்சுப் பட்டறைகளின் கைத்திறன் இடம் பெயர்ந்து பிழைத்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. சென்னையில் முதன்முதல் கார் வைத்திருந்த இந்தியர் நம்பெருமாள் செட்டியார் என்று கூறுவர். உயர்நீதிமன்றக் கட்டடம் முதலிய பெரும் கட்டடங்களை ஒப்பந்தம் எடுத்துக் கட்டிய அந்தப் பெருந்தனவந்தரைப் போன்றோருக்கே அன்று கார் எட்டும் பொருளாக இருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் நடுத்தரக் குடும்பத்தாரிடமும் கார் வாங்கும் ஆசை முளைத்தது. ஆனால் வண்டி கிடைப்பதுதான் அரிதாயிற்று. பம்பாயில் 1928 முதல் வண்டிகளைப் பூட்டிக் கொடுத்துவந்த ஜெனரல் மோட்டார்ஸ், உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்தாக வேண்டும் என்ற அரசாங்கக் கொள்கையை அடுத்து 1954-இல் அத்தொழிலை விட்டுச் சென்றது. ஃபோர்டும் அவ்வாறே சென்றது. எஞ்சி நின்றவை, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் அம்பாஸடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் ஃபியட் செய்த பிரீமியர், நம் வண்டலூர்ப் பக்கத்தில் ஹெரால்டு செய்த ஸ்டாண்டர்டு என்ற மூன்றுதான் என்று சொல்லலாம். எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ். எவருக்கு எப்போது கொடுக்கலாம் என்பதற்கு 1959-ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு ஆணை. முன்பணம் கட்டிப் பதிவு செய்துகொண்டு வருஷக் கணக்கில் காத்திருப்பது வாங்குவோரின் தலைவிதி. பதிவு செய்தபோது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகள், வண்டி வரும் தறுவாயில் கல்யாணத்துக்கு நின்ற குடும்பங்கள் உண்டு. காரின் வருகை நம் வீடுகளில் இன்றளவும் ஒரு சுபகாரியத்துக்குரிய கம்பீரத்தோடு நடைபெறுவதற்கு, பழைய சம்பிரதாயம் பாதிக் காரணம் என்றால், இந்த நெடிய காத்திருப்பு மற்றொரு பாதிக் காரணம் என்பது என் துணிபு. கிடைத்தற்கரியது கிடைத்தபோது மாலையிட்டு வரவேற்பது மனித சுபாவமல்லவா? புது எஞ்சின் பழகும்வரை வேகமாக ஓட்டலாகாது என்பதற்காக, ‘ரன்னிங் இன்’ என்று எழுதிப் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு சாவதானமாக ஊர்ந்த அந்தக் கார்களை, தெருவே எழுந்து நின்று பார்த்தது.

1983 டிசம்பர் 14-ஆம் தேதி, குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு முதல் மாருதியின் சாவியை இந்திரா காந்தி வழங்கியதிலிருந்து காத்திருப்பு குறையத் தொடங்கியது. 1993-இல் கார் உற்பத்திக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை என்றாயிற்று; மறைமலை நகரிலும் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் அந்நியக் கம்பெனிகளின் தொழிற்சாலைகள் எழுந்தன.

சென்னைவாசிகள் புது வண்டியை எங்கே கொண்டுபோய்ப் பூஜை போடுகிறார்கள் என்பதையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குச் சிறிது தூரத்தில், பல்லவன் சாலையில், பாடிகாட் முனீஸ்வரர் எழுந்தருளியிருக்கிறார். கவர்னரின் மெய்காவற் படையினர் தங்கியிருந்த இடத்துக்கு அருகில் அமைந்ததால் அந்தப் பெயர் வந்தது என்பர். சுருட்டையும் மதுவையும் படைக்கப் பெறும் இத்தெய்வம், ஊர் எல்லையில் நின்று வழிப்போக்கரைக் காக்கும் முனிகளின் மரபைச் சேர்ந்தது. கிராமத்து எல்லையில் அய்யனாருக்கு மண்குதிரை செய்து வைத்த சமுதாயம், நகரத்துக்குக் குடியேறிய பிறகு, எஞ்சின் குதிரையை எல்லைத் தெய்வத்தின் முன்னே நிறுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வரிசையில் நிற்கும் வண்டிகளுள் ஆட்டோவும் லாரியும் விலையுயர்ந்த காரும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. பெருங்கோயில்களிலும் காணக் கிடைக்காத சமத்துவம் அது.

வீடுகளின் அமைப்பும் இவ்வளவு காலத்தில் மாறிவிட்டது. கிராமத்து மிராசுதார் வீடுகளில் வில்வண்டி நின்ற கொட்டகையே கார் கொட்டகையாயிற்று. நகரத்து வீடுகளிலோ காருக்கு வழிவிடுவதற்காகத் திண்ணைகள் இடிக்கப்பட்டன. வழிப்போக்கன் உட்கார்ந்து இளைப்பாறிய இடத்தில் வண்டி இளைப்பாறுவதை எண்ணும்போது எனக்கு வருத்தம் உண்டாகாமல் இருப்பதில்லை. பூவும் பழமும் வாங்கும் இடமும் மாறிற்று. நம் பாட்டனார்கள் பூக்கடையையும் கொத்தவால் சாவடியையும் நாடினார்கள், 1996-க்குப் பின் நாம் கோயம்பேட்டை நாடுகிறோம்.

இச்சடங்குகளுள் ஒன்றைப் பற்றி மட்டும் என் மனத்தில் ஒரு குறை உண்டு. நடுச் சாலையில் பூசணிக்காயை உடைத்துவிட்டு அப்படியே விட்டுப் போகிறார்கள். அதன்மேல் ஏறும் இரு சக்கர வண்டிகள் வழுக்கி விழுகின்றன. ஆயுத பூஜை தோறும் காவல் துறையினர் வேண்டுகோள் விடுத்தும் அது நிற்கவில்லை. வழியில் தீங்கு நேராதிருக்கச் செய்யும் கழிப்பு, முன்பின் அறியாத ஒரு வழிப்போக்கனின் கால் எலும்பை முறிக்குமானால், அச்சடங்கின் நோக்கமே அழிந்துபோகிறது. எங்கள் தெருவில் சிலர் இப்போது வாசலில் ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் காயை உடைத்து, நாலு மூலையையும் சேர்த்து மடித்து எடுத்துப் போய், விதைகளை மட்டும் கழுவிக் கொல்லையில் ஊன்றிவிடுகிறார்கள்.